அரை அரிசி அளவு

எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்திவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தவர் அந்த அக்கா ஒருவர்தான். மற்றவர்கள் பத்துத் தடவை குத்துவோம், கதவை அறைவோம். அக்கா காய்கறி நிறைந்த பாசார் பையைக் காலடியில் வைத்துவிட்டு, தலைக்கு மேலே எண் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் பக்கத்தில் நின்று நான் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, "ஒரு தடவ சொன்னா அதுக்குத் தெரியும்லா தம்பி. நீ அடிக்கிற அடியில பயந்துபோய் மேலயே நின்னுக்கும்" என்றார்.

ஜெலுத்தோங் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு கிளினிக்கில், மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. இருபது வருடத்துக்கு மேல் அதே கவுண்டர். அவர் நின்றால் வரிசை நகராது. என்ன சாப்பிட்டாய், எப்போது சாப்பிட்டாய், வேறு என்ன மாத்திரை போடுகிறாய், வண்டி ஓட்டுவாயா என்று ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துக் கேட்பார். பையின் மேல் அச்சடித்திருப்பதைத் தன் கையால் மறுபடியும் எழுதுவார். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோரும் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் 'பெலான்-பெலான் அக்கா'. மெல்ல மெல்ல அக்கா. அது அவர் காதுக்கும் போயிருந்தது. கோபித்துக்கொண்டதில்லை.

ஒரு முறை எனக்குக் காய்ச்சல். மறுநாள் பாயான் லெப்பாஸ் ஃபாக்டரியில் ஷிஃப்ட்டுக்குப் போயாக வேண்டும். "ஸ்ட்ராங்கா ஏதாச்சும் குடுங்கக்கா" என்றேன்.

"ஸ்ட்ராங்கா குடுக்க எந்த மடையனாலயும் முடியும். உள்ள போனத நான் எப்படிப்பா வெளிய எடுப்பேன்? சாபார்லா. ரெண்டு நாள் இத சாப்பிடு."

சாபார் என்றால் பொறுமை. மலாய்ச் சொல்தான், ஆனால் அவர் வாயிலிருந்து வந்தால் அது ஏதோ ஞானஸ்நானப் பெயர் போலக் கேட்கும்.

குள்ளமான உருவம். நரைத்த முடியை ஒரு கிளிப்பில் அடக்கியிருப்பார். கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி. எங்களுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தார். கூடத்தில் கணவரின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அக்கா இந்த ஃபிளாட்டுக்கு வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அவரைப் பற்றி அக்கா எதுவும் பேசமாட்டார். நாங்களும் கேட்டதில்லை.

என் மனைவி சுமதிக்கும் அவருக்கும் ஒட்டிக்கொண்டது சமையலில். சுமதி லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். கை வேகம், வாயும் வேகம். உப்பை அள்ளித்தான் போடுவாள். அக்கா எங்கள் சமையலறை வாசலில் நின்று, "கொஞ்சம் போடு, கொதிக்கட்டும், நாக்குல வையி, அப்புறம் போடு" என்பார். "நீங்க சமைச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குப் பேரப்பிள்ளை பொறந்துரும்கா" என்பாள் சுமதி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சை அவள் அக்காவிடம் மட்டும்தான் சிரித்துக்கொண்டு சொல்வாள்.

சுமதிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கருப்பைப் பக்கம். அறுவை சிகிச்சை முடிந்து கீமோ தொடங்கினார்கள். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு அவள் வயிற்றில் எதுவும் நிற்கவில்லை. கஞ்சி குடித்தால் கஞ்சி வரும், தண்ணீர் குடித்தால் தண்ணீர் வரும். வாந்திக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையும் வாந்தியோடு வந்தது. புடவை மடிக்கிற அந்தக் கை குச்சியாகிவிட்டது. கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொன்னாள்.

அப்போதுதான் ஒரு மாலையில் அக்கா இருமல் மருந்து பாட்டில் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இது கஞ்சா எண்ணெய்."

நான் தாழ்ப்பாளையும் போட்டேன். "அக்கா, இந்த நாட்டுல இதுக்கு என்னா தண்டனைன்னு தெரியும்தானே?"

"தெரியும். அதனாலதான் உங்கிட்ட கேக்கல. அவகிட்ட கேக்கறேன்." சுமதியின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "சுமதி, நல்லா கேளு. இது கட்டியக் கரைக்காது. அப்படி எவனாவது சொன்னா நம்பாத. டாக்டர் மருந்து எதையும் நிறுத்தக்கூடாது. வயித்தக் கொஞ்சம் சாந்தமாக்கும், பசி வரலாம். வராமலும் போவலாம். ஒத்துக்கலன்னா அன்னைக்கே விட்டுருவோம். வேணுமா?"

சுமதி தலையை ஆட்டினாள்.

"டாக்டர்கிட்ட சொல்லணும்பா" என்று என் பக்கம் திரும்பினார். நான் முடியாது என்றேன். "சரி. ஆனா ஏதாச்சும் ஆனா ஒளிக்காத. என் பேரையும் சேத்து சொல்லிரு."

அதை எங்கிருந்து வாங்கினார் என்று அவர் சொல்லவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், ஹாட்யாயிலிருந்து யாரோ கொண்டுவருவதாக நான் ஊகித்துக்கொண்டேன். முதலில் சுமதியின் மாத்திரைகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொன்னார். ஒவ்வொன்றின் காகிதத்தையும் மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தார். இதயக் கோளாறு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று கேட்டார். அது முடியவே ஒரு மணி நேரம் ஆனது. பிறகு தீக்குச்சியின் முனையால் எண்ணெயைத் தொட்டு, வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டில் வைத்தார். அரை அரிசி இருக்கும்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான். புகைச்சா உடனே தெரியும். சாப்பிட்டா அப்படி இல்ல. வயித்துக்குப் போயி, ஈரலுக்குப் போயி, சுத்திக்கிட்டு வரும். ஒரு மணி நேரம் ஆவலாம், ரெண்டு மணி நேரம் ஆவலாம், அதுக்கு மேலயும் ஆவலாம். எல்லாரும் இங்கதான் தப்பு பண்றது. ஒண்ணும் தெரியலயேன்னு இன்னொண்ணு போடுவாங்க. அப்புறம் ரெண்டும் சேர்ந்து வரும்."

அன்று மாலை முழுதும் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். சுமதியை எழுந்திருக்க விடவில்லை. பாத்ரூமுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போனார். நாக்கு வறண்டபோது ஸ்பூனில் தண்ணீர் விட்டார். காலண்டரில் நேரத்தைக் குறித்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் அதே அரை அரிசி. மூன்றாம் நாளும் அதே. எனக்கு எரிச்சலாக இருந்தது. நாலாம் நாள்தான் ஒரு அரிசி அளவுக்கு ஏற்றினார்.

அன்று மாலை சுமதி, "பாசார் முக்குல அப்பம் சுடுவாங்களே, அது கிடைக்குமா?" என்றாள்.

மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. முக்கால் அப்பம் தின்றாள். வாந்தி வரவில்லை. அப்பத்தில் உப்புக் குறைவு என்று குறை சொன்னாள். அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அவர் அழுதார் என்றுதான் நினைக்கிறேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை.

ஆறு வாரம் அப்படிப் போனது. முதல் பாட்டில் முடியும்போது அளவு இரண்டு அரிசிக்கு வந்திருந்தது, அதற்கு மேல் அக்கா ஏற்றவில்லை. சுமதிக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. கண்ணாடியை அவளே திருப்பி வைத்தாள்.

இரண்டாவது பாட்டில் வந்த வாரம், கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் இருக்கும் தங்கை வீட்டில் பேரக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று அக்கா இரண்டு நாள் போகவேண்டியிருந்தது. பாட்டிலை என் கையில் கொடுத்தார். "இது புதுசு. பழசு மாதிரி நெனைக்காத. ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், மேல எழுதியிருக்கறத நம்ப முடியாது. முதல் நாள் மாதிரியே அரை அரிசியில ஆரம்பி. ஒரு நாளைக்கு ஒண்ணு. நடுவுல எது நடந்தாலும் வேணாம்."

"சரிக்கா" என்றேன்.

மறுநாள் காலை சுமதிக்கு வலி. ஆஸ்பத்திரி மாத்திரை போட்டும் அடங்கவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அரை அரிசி என்ன செய்யும் என்று நினைத்தேன். இரண்டு அரிசி அளவு கொடுத்தேன். முக்கால் மணி நேரம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "இன்னும் கொஞ்சம் குடுங்களேன்" என்றாள் சுமதி. கொடுத்தேன். இன்னும் இருபது நிமிடத்தில் மறுபடியும் கொடுத்தேன். மூன்றாவது முறை அளவைப் பார்க்கவேயில்லை, ஸ்பூன் நுனியில் எடுத்தேன்.

அப்புறம் எல்லாம் சேர்ந்து வந்தது. முதலில் சிரித்தாள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கை வைத்துப் பார்த்தேன், பறவை மாதிரி அடித்துக்கொண்டது. கண் சிவந்து, பார்வை எங்கோ நின்றது. "நான் செத்துட்டேனா? சொல்லுங்க, நான் செத்துட்டேனா?" என்று கேட்டாள். கையைப் பிடித்தால் உதறினாள். "நீ யாரு?" என்றாள். அக்காவுக்கு ஃபோன் செய்யத் திரும்பிய நேரத்தில் எழுந்து ஓடினாள். பாத்ரூம் வாசலில் விழுந்து நெற்றி பிளந்தது. ஃபோனில் அக்காவிடம், எத்தனை முறை கொடுத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆம்புலன்சக் கூப்பிடு. உண்மைய சொல்லு. எத்தன மணிக்கு, எவ்வளவுன்னு சொல்லு. நான் வரேன்" என்றார் அக்கா.

நான் சொல்லவில்லை. எமர்ஜென்சியில் இளம் டாக்டர் ஒருவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். வலி மாத்திரை என்றேன். வேறு எதுவும்? இல்லை என்றேன். பக்கத்தில் என் மைத்துனன் நின்றிருந்தான். சுமதியின் தம்பி. நான் ஃபோன் செய்ததும் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பதறியடித்து வந்திருந்தான். அவன் முன்னால் எப்படிச் சொல்வது என்று அப்போது ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஃபெரி பிடித்து, அங்கிருந்து டாக்சி பிடித்து அக்கா வந்தார். விசேஷத்துக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு நேராக டாக்டரிடம் போனார். எண்ணெய், அளவு, நேரம், கூடக் கொடுக்கிற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எண்ணெய் தன்னுடையது என்றார், கொடுத்த கை யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டே, போடவிருந்த ஒரு ஊசியை நிறுத்தச் சொன்னார். என் மைத்துனன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் முகம் கறுத்துப் போயிற்று.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நடைபாதை நாற்காலியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரருக்கும் கேன்சர்தான். நுரையீரல்ல. யாரோ குடுத்த எண்ணெய். மருந்துக் கவுண்டர்ல இத்தன வருஷம் நின்னவ நான், எனக்குத் தெரியாததான்னு நெனச்சேன். ஒரு ஸ்பூன் குடுத்தேன் தம்பி. ஒரு ஸ்பூன்." விரலால் காட்டினார். "பன்னெண்டு மணி நேரம் அலறினாரு. நான் அவரக் கொல்ல வந்திருக்கேன்னு சொன்னாரு. தெளிஞ்ச பெறகும் அந்தப் பயம் போவல. மூணு வாரம் இருந்தாரு. என் கையால தண்ணி கூட வாங்கல. பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து குடுத்தாத்தான் குடிப்பாரு. நான் கதவுக்குப் பின்னால நிப்பேன்."

கவுண்டரில் ஏன் வரிசை நகரவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் துக்கத்தில்கூட அவர் என்னைத் தேற்றினார். "நாளைக்குத் தெளிஞ்சுருவா. தெளிஞ்சதும் நீ பக்கத்துல இரு. பேசிக்கிட்டே இரு. அவளுக்கு உம்மேல பயம் வந்துரக்கூடாது."

சுமதி தெளிந்தாள். நெற்றியில் ஆறு தையல். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். அக்காவிடம் போய்ச் சொன்னேன். பாட்டிலைக் கொட்டிவிடப் போவதாகச் சொன்னார். "வேணாங்கா, அவளுக்கு மறுபடியும் சாப்பாடு எறங்கணும்" என்று கெஞ்சினேன். பாட்டிலை என்னிடமிருந்து வாங்கித் தன் வீட்டு ஃபிரிஜ்ஜில் வைத்துக்கொண்டார்.

சுமதியை வீட்டுக்குக் கூட்டி வந்த இரண்டாம் நாள் காலை, சாதாரண உடையில் மூன்று போலீஸ்காரர்கள் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். மைத்துனன் ரிப்போர்ட் கொடுத்திருந்தான். சுமதி தூக்கத்தில் இருந்தாள். சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். அக்கா ஃபிரிஜ்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து அவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதிகாரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, அந்தப் பெண்ணுக்கு இதைக் கொடுத்தது யார் என்று மலாயில் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்.

"சாயா" என்றார் அக்கா. நான்தான். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டார். "சாயா சோராங்." நான் மட்டும்தான்.

ஒரு பதிலை அவர் அவசரமாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "உள்ள போ. அவளுக்கு யாரு இருக்கா?" என்றார்.

நான் உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். இதை எத்தனை விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தாலும் நடந்தது அதுதான். அவர் சொன்னார், நான் போனேன்.

வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறை. ஒரே ஒரு முறை கோர்ட்டுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சிறைக்குப் போய்ப் பார்க்க என் பெயரையும் அடையாள அட்டையையும் கொடுக்க வேண்டும். பயம். போகவில்லை.

சுமதியிடம், அக்கா பாகான் டாலாமில் தங்கை வீட்டில் இருக்கிறார் என்று சொன்னேன். உடம்பு இருக்கிற நிலையில் உண்மையைத் தாங்கமாட்டாள் என்று காரணம் வைத்துக்கொண்டேன். மைத்துனனும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. முதல் வாரம், "எப்ப வருவாங்க?" என்றாள். அப்புறம், "ஒரு ஃபோன் கூடவா பண்ண மாட்டாங்க?" என்றாள். வயிறு பழையபடி எதையும் ஏற்காமல் போனது. ஒரு நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நான் அவசரப்பட்டு இன்னும் குடுங்கன்னு கேட்டேன்ல, அதான் கோவமா அவங்களுக்கு? மன்னிச்சுக்கச் சொல்லுங்களேன்" என்றாள்.

"சொல்றேன்" என்றேன்.

நான்கு மாதத்தில் இறந்தாள். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தில் வலி அடங்கியிருந்தது. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். கருமாதி அன்று மைத்துனன் எல்லார் முன்னாலும், "எங்க அக்காவுக்கு விஷம் குடுத்தா அந்தப் பொம்பள" என்றான். வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா விடுதலையானது எனக்கு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பாகான் டாலாமுக்குப் போனேன். மெலிந்திருந்தார். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"கேள்விப்பட்டேன்பா. கஷ்டப்பட்டாளா?"

"இல்லக்கா. கடைசியில தூக்கத்துலதான்."

"ஏதாச்சும் எறங்குச்சா?"

"கொஞ்சம் கஞ்சித் தண்ணி."

தலையை ஆட்டினார். அப்புறம் தயங்கித் தயங்கி, "என்னக் கேட்டாளா?" என்றார்.

ஆமாம், கேட்டாள், நீங்கள் சிறையில் இருந்தது தெரியும், உங்களை நினைத்து அழுதாள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவரிடம் இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே இருக்கிறார் என்று நான் சொன்ன பொய். அவர் கோபித்துக்கொண்டு வரவில்லை என்று அவள் நினைத்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னது.

அக்காவின் கைகள் மடியில் கிடந்தன. வெளியே ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் தேய்ந்து மறைகிற வரை அப்படியே இருந்தார்.

"போலீஸ்ல நீ ஒண்ணும் சொல்லாதது எனக்கு வருத்தமே இல்ல. அது நான் சொல்லித்தான் செஞ்சே" என்றார். "அவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் தம்பி. நான் கதவுக்கு அந்தப் பக்கந்தான் நிக்கிறேன்னு ஒரு வார்த்த."

எழுந்துகொண்டார். நானும் எழுந்தேன். போயிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. "போப்பா" என்றார்.

அங்கிருந்து நான் ஃபெரிக்குப் போகவில்லை. புக்கிட் மெர்தாஜாமுக்கு வண்டியைத் திருப்பினேன். மைத்துனன் வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான். நின்ற இடத்திலேயே சொன்னேன். கொடுத்தது அவரல்ல, நான். மூன்று முறை. வேண்டாம் என்று அவர் சொல்லியும் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் மறைத்தேன். சுமதியைக் காப்பாற்ற வந்து மாட்டிக்கொண்டவர் அவர்.

குழாயிலிருந்து தண்ணீர் அவன் காலடியில் ஓடிக்கொண்டேயிருந்தது. "இப்ப வந்து எதுக்கு சொல்றீங்க மாமா? யாருக்கு சொல்றீங்க?" என்றான். அடிப்பான் என்று நினைத்தேன். குழாயை மூடிவிட்டு, "அவங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் அவன் போய்ப் பார்த்தான். அதற்குள் நான் இரண்டு முறை போயிருந்தேன். இரண்டு முறையும் தங்கைதான் வெளியே வந்தார். அக்கா படுத்திருக்கிறார் என்றார். இதமாகத்தான் சொன்னார்.

மைத்துனன் அன்று சாயங்காலம் ஃபோன் செய்தான். அழுதிருந்தான், குரலிலேயே தெரிந்தது. "கால்ல விழுந்தேன் மாமா. தூக்கிவிட்டாங்க. உள்ள கூப்பிட்டு டீ போட்டுக் குடுத்தாங்க. ரெண்டு மணி நேரம் எங்க அக்காவப் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம். சின்ன வயசுல எப்படி இருப்பான்னு கேட்டாங்க. அவ ஸ்கூல் படம் ஒண்ணு வச்சிருந்தேன், குடுத்துட்டேன். மறுபடியும் வரச் சொன்னாங்க."

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?"

"இல்ல மாமா" என்றான். "ஒண்ணும் கேக்கல."